அந்த இரண்டாவது கை

சேசு மரி சூசை

மேலப்புதூர், திருச்சி-1
17-6-1984

அன்புள்ள அத்தானுக்கு,

ராணி எழுதுவது. நான், அத்தை, ரோசரி மூவரும் இங்கே சுகம். உங்கள் சுகம் நீங்கள் எழுதினால்தானே தெரியும்? போன மாதம் முழுக்க ஒரே ஒரு கடிதம். அதிலும் பாதி வெயிலைப் பற்றி. பஹ்ரைனில் வெயில் அடிக்கும் என்று எங்களுக்கும் தெரியும். சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, எங்களை நினைத்தீர்களா என்று எழுதுங்கள்.

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. இந்த வருஷமும் பி.டி. பீரியட் எல்லாம் என் தலையில்தான். ரோசரிக்கு முன்பல் விழுந்துவிட்டது, உங்களுக்குக் காட்ட எடுத்து வைத்திருக்கிறாள். அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கண்ணாடி வந்துவிட்டது. எதிர்வீட்டு மாடியில் என்ன வற்றல் காய்கிறது என்பது வரைக்கும் இப்போது தெரிகிறது. அது நமக்கு நல்லதா கெட்டதா என்று போகப் போகத்தான் பார்க்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் லீவில் ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னப் படத்தில் வேலை செய்யப் போகிறேன் என்று எழுதியிருந்தேன். நீங்களும் "உன் இஷ்டம்" என்று ஒரு வரி எழுதினீர்கள். ஏதோ டிரில் பழக்கப் போகிறாள் என்று நினைத்திருப்பீர்கள். டிரில் இல்லை. ஆட்டம். இரண்டு பேர் ஆடுகிற ஆட்டம். அதை அமைத்தது நான், ஆடியதும் நான்.

படம் எடுத்தவள் பெருந்தேவி. ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பெண், சினிமாப் படிப்புப் படித்தவள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாடகப் பயிற்சி முகாமில் எனக்குப் பழக்கமானவள். என்னோடு ஆடியவர் பெரியண்ணன். வையம்பட்டிக்காரர். வீட்டில் எல்லோரும் கடலை போடுகிறார்கள், இவர் மட்டும் மெட்ராஸ் போய் நாடகம் போடுகிறார். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். பாட்டு கிடையாது, வசனம் கிடையாது. பரதநாட்டியமும் இல்லை, சினிமா டான்ஸும் இல்லை. காலடிச் சத்தமும் மூச்சுச் சத்தமும்தான். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

நம் தெருக்கோடி வீட்டு பிலோமின்ராஜ் லீவு முடிந்து அங்கே திரும்புகிறார். அவரிடம் வீடியோ காசெட் கொடுத்து அனுப்புகிறேன். இதில் இன்னும் பெயர்கள் போடவில்லை. ஆகஸ்ட் கடைசியில் மெட்ராஸில் வைத்துப் போடுவார்கள். "நடன அமைப்பு: லூர்துராணி தைரியராஜ்" என்று போடப் போவதாகப் பெருந்தேவி சொன்னாள். கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. செப்டம்பரில் திருச்சியில் திரையிடுகிறார்கள். ஊரார் பார்த்துவிட்டு உங்களுக்குச் சொல்வதற்கு முன்னால் உங்கள் கண்ணாலேயே நீங்கள் பார்த்துவிட வேண்டும். அதுதான் என் ஆசை. பார்த்துவிட்டு நல்லதோ கெட்டதோ மனதில் பட்டதை எழுதுங்கள்.

உங்கள் பிரிய ராணி

*

பஹ்ரைன்
8-7-1984

ராணிக்கு,

காசெட் வந்தது. ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரன் பிடித்து வைத்துக்கொண்டு, முழுக்கப் போட்டுப் பார்த்துவிட்டு, இதில் ஒன்றும் இல்லை என்று பிலோமின்ராஜிடம் திருப்பிக் கொடுத்தானாம். அவன் முழுக்கப் பார்த்திருக்கிறான் என்பதே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை லீவு. கீழ் ரூம் மலையாளியிடம் வீடியோ டெக் வாங்கி வந்து ரூமில் எல்லோரும் உட்கார்ந்து போட்டோம். ஸ்கூல் பிள்ளைகள் ஆடும் என்று நினைத்துத்தான் எல்லோரையும் கூப்பிட்டேன். பார்த்தால் நீயும் ஒரு ஆளும். திருவெறும்பூர் அற்புதசாமி நம் கல்யாண போட்டோவைப் பார்த்தவன். அவன்தான் கேட்டான்: "ஏன்டா, இது உன் வீட்டுக்காரி இல்ல?" நான், "இல்லடா, அவ சித்தப்பா மக. ஜாடை அப்படி" என்று சொல்லிவிட்டேன். பிலோமின்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்?

எல்லோரும் கடைத்தெருவுக்குப் போன பிறகு தனியாகப் போட்டுப் பார்த்தேன். நான் ரிக்கர். எந்தப் பாரத்தை எங்கே கட்ட வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்று பொழுதன்றைக்கும் பார்க்கிறவன். அந்த மாடிப்படித் திருப்பத்தில் அவன் உன்னைத் தூக்குகிற இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவனுடைய ஒரு கை உன் தோளுக்கு அடியில் இருக்கிறது. சரி. உன் எடைக்கு அந்த ஒரு பிடி போதும், தாராளமாகப் போதும். அப்புறம் எதற்கு இன்னொரு கை உன் இடுப்புக்கு வருகிறது? வேலை தெரிந்த எவனும் வேண்டாத கட்டுப் போட மாட்டான். அந்த இரண்டாவது கை ஏன் வந்தது? வேறு எதையும் நான் கேட்கவில்லை, இதற்கு மட்டும் பதில் எழுது.

பாதிக்கு மேல் அந்த ஆளையே காணோம். நீ மட்டும் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு படியேறுகிறாய். காசெட் கெட்டுப் போய்விட்டது போல.

பெருந்தேவியிடம் சொல்லி என் பெயரை எடுத்துவிடு. உன் பெயரையும் போடாமல் இருந்தால் எல்லோருக்கும் நல்லது. அம்மாவுக்கு இது தெரியுமா? திருச்சியில் போடுகிறார்கள் என்றால் மேலப்புதூர் முழுக்கத்தானே பார்க்கும்? கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

மா. தைரியராஜ்

*

சேசு மரி சூசை

மேலப்புதூர்
22-7-1984

அத்தானுக்கு,

"சித்தப்பா மக" என்று சொன்னீர்களே, அப்போது பக்கத்தில் எங்கேயாவது கோழி கூவியதா? பேதுரு சேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்தார். உங்களுக்கு ஒரு தடவையே போதுமாக இருந்திருக்கிறது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட மனுஷன், ரூம் நிறைய ஆட்களுக்கு நடுவில் என்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டார். எனக்குச் சித்தப்பாவே கிடையாது என்பது வேறு விஷயம்.

அழுது முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் கேட்ட கேள்விக்கே வருகிறேன். வேலை தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்கிறீர்கள். கையைப் பார்த்தீர்கள், காலைப் பார்த்தீர்களா?

டெக்கைத் திரும்ப வாங்குங்கள். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஸ்ரீரங்கத்தில் பெருந்தேவியின் சொந்தக்காரர் வீடு அது, காலியாகக் கிடக்கிறது. குறுகலான படி, நடுவில் ஒரு திருப்பம். பெரியண்ணன் மேலே நின்று பின்பக்கமாக ஏறுகிறார். நான் கீழே. கேமராவைப் பெருந்தேவி மாடியில் வைத்திருந்தாள். மேலேயிருந்து பார்க்கிறவர்களுக்கு மேலே நிற்கிறவன்தான் தூக்குகிறான் என்று தோன்றும். தோன்றட்டும் என்றுதான் அங்கே வைத்தாள். ஆனால் என் குதிகாலைப் பாருங்கள். இரண்டும் படியில் அழுந்தி நிற்கின்றன. அந்த இடத்தில் ஒரு தடவைகூட அவை படியை விட்டு எழும்பவில்லை. முட்டி மடங்கியிருக்கிறது. முதுகு பின்னால் வளைந்திருப்பதால் ஏதோ அந்தரத்தில் கிடக்கிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். இப்போது பெரியண்ணனின் குதிகாலைப் பாருங்கள். அதுதான் அந்தரத்தில் இருக்கிறது.

காலையில் யாரோ படியைக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரம். அவருக்குக் கால் வழுக்கிவிட்டது. ஆடும்போது நிஜமாகவே விழப் போனார். அந்த இரண்டாவது கை விழப் போகிறவன் கிடைத்ததைப் பிடித்துக்கொண்ட கை. நான் நிறுத்தவில்லை. அவருடைய பாரத்தை அப்படியே வாங்கி, மூச்சு விட்டு, அவர் கால் ஊன்றிய பிறகு அடுத்த படிக்குப் போனேன். "டீச்சர், என்னை விட்டுறாதீங்க" என்று வாய்க்குள்ளேயே சொன்னார். பெருந்தேவி மறுபடி எடுக்கலாமா என்று கேட்டபோது, வேண்டாம், இதுதான் சரி என்று சொன்னவள் நான்தான். கையில் சுளுக்கு என்று மே மாதம் எழுதினேனே, அது இதுதான்.

நாங்கள் இரண்டு பேரும் வெறும் கையால் எதைத் தூக்குவதாக ஆடுகிறோம் என்று நீங்கள் கேட்கவே இல்லையே? உங்களுக்குத் தெரியவில்லையா? நிஜமாகவா?

எழுபத்தொன்பதில் பாலக்கரை வீட்டைக் காலி செய்துவிட்டு இந்த மாடிக்கு வந்தோம். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று அத்தை சொன்னதற்கு, "நான் ரிக்கர், என் வீட்டு பீரோவுக்கு நான் ஆள் வைக்கணுமா?" என்று கேட்டீர்கள். நீங்கள் மேலே, நான் கீழே. அத்தை ரோசரியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். பின்பக்கமாக ஏறும்போது நீங்கள் அடுத்த படியைக் குதிகாலால் தடவிப் பார்ப்பீர்கள். வலது பக்கம் போக வேண்டும் என்றால் வாயால் சொல்ல மாட்டீர்கள், முகவாயைக் காட்டுவீர்கள். நான் தப்பாகத் திருப்பினால் உச்சுக் கொட்டுவீர்கள். அது எல்லாவற்றையும் பெரியண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். குதிகால் தடவலுக்கு மட்டும் ஒரு முழு நாள் ஆயிற்று. அந்தப் படிக்கட்டில் ஆடுவது வையம்பட்டிக்காரர் இல்லை, நீங்கள். உங்கள் மேலேயே உங்களுக்குப் பொறாமை வந்திருக்கிறது. இப்படி ஒரு தப்பைப் பண்ண உலகத்தில் உங்கள் ஒருவரால்தான் முடியும்.

காசெட்டும் கெடவில்லை. பாதிக்கு மேல் அவர் போய்விடுகிறார். பாரம் மிச்சமிருக்கிறது, படியும் மிச்சமிருக்கிறது. நான் கையை அதே அகலத்தில் வைத்துக்கொண்டு ஏறுகிறேன். ஆள் இல்லாத பக்கம் கொஞ்சமாவது தாழ்கிறதா என்று பாருங்கள். தாழ விடாமல் இருப்பதுதான் அந்த ஆட்டத்திலேயே கஷ்டமான இடம். நீங்கள் போன நாளிலிருந்து நான் செய்கிற வேலையும் அதுதான்.

இனி பெயர் விஷயம். என் பெயர் இருக்கும். அதைப் பற்றி நான் யாரிடமும் கேட்கப் போவதில்லை. உங்கள் பெயர் பக்கத்தில் இருப்பதும் போவதும் உங்கள் இஷ்டம். ஆகஸ்ட் கடைசிக்குள் உங்கள் பதில் வராவிட்டால் "லூர்துராணி" என்று மட்டும் போடச் சொல்லிவிட்டேன்.

ராணி

*

சேசு மரி சூசை

மேலப்புதூர்
2-9-1984

அத்தானுக்கு,

கடிதம் வரவில்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே சைக்கிளை வேகமாக மிதிக்கிறார், பாவம்.

பெருந்தேவி போன வாரம் மெட்ராஸ் போய்ப் பெயர்களைப் போட்டு முடித்துவிட்டாள். அச்சில் ஏறியாயிற்று, இனி மாற்ற முடியாது. லூர்துராணி. அவ்வளவுதான் இருக்கிறது.

அத்தைக்கும் தெரிந்துவிட்டது. சினிமாவில் எவனோடோ உன் மருமகள் ஆடுகிறாளாமே என்று கோவிலில் யாரோ கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. "ரோசரி, உங்கம்மாவ சாப்பிடச் சொல்லு", "ரோசரி, தண்ணி வந்துருச்சாம், உங்கம்மாட்ட சொல்லு" என்று எல்லாம் பேத்தி மூலமாகத்தான். ஆனால் சாப்பிடச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை பாருங்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் கூப்பிட்டு விசாரித்தார்கள். "நானும் வரேன் டீச்சர். பாத்துட்டு அப்புறம் பேசிக்கலாம்" என்றார்கள். அவர்கள் "பேசிக்கலாம்" என்று சொன்னால் எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காட்டுகிறார்கள். பயமாக இருக்கிறது. பயமாக இருக்கும்போது எழுத எனக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை. அதனால்தான் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

ராணி

*

சேசு மரி சூசை

மேலப்புதூர்
18-9-1984

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் இதை எழுதாமல் என்னால் இருக்க முடியாது. நான் ஜெயித்துவிட்டேன் அத்தான்!

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஹாலில்தான் காட்டினார்கள். ஜன்னல் வழியாக பஸ் ஹாரன் கேட்டுக்கொண்டே இருந்தது. பாட்டே இல்லாத படத்துக்கு இதுதான் பின்னணி இசையா என்று எனக்கு எரிச்சல். பிலிம் சொசைட்டிக்காரர்கள், காலேஜ் வாத்தியார்கள், பிள்ளைகள், பெருந்தேவியின் சொந்தக்காரர்கள் என்று உட்கார இடம் இல்லை. முதல் வரிசையில் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர். விளக்கை அணைக்கப் போகிற நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு அத்தை வருகிறார்கள்! கையில் ஜெபமாலை, புதுக் கண்ணாடி, பக்கத்தில் ரோசரி. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடைசி வரிசைக்குப் போய்விட்டார்கள்.

முதலில் பெயர் வந்தது. கறுப்பில் வெள்ளையாக, தனியாக. ரோசரி எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள்.

படம் ஓடுகிறது. படிக்கட்டு வந்தது. பெரியண்ணன் குதிகாலால் படியைத் தடவுகிறார், முகவாயைக் காட்டுகிறார், திருப்பம் வருகிறது, கால் வழுக்குகிறது. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். "டேய் தைரியம்! செவுரு, செவுரு! பாத்துக் கால வைடா!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. அத்தை எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். உங்களைப் பெற்ற தாய் அத்தான். வேறு யார் உடம்பிலோ தன் பிள்ளையின் நடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எவனோ ஒருவன் என்று ஒரு நிமிஷம்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. நான் இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது.

அப்புறம் பெரியண்ணன் போய்விட்டார். நான் தனியாக ஏறுகிற இடம். பஸ் ஹாரன்கூட அப்போது காதில் விழவில்லை. முடிந்து விளக்குப் போட்டார்கள். கை தட்டினார்கள் பாருங்கள், நிறுத்தவே இல்லை. மறுபடி போடு என்று பிள்ளைகள் கத்தி, மறுபடியும் ஓட்டினார்கள்.

முடிந்ததும் வழக்கம்போலப் பேச்சு. அவர்கள் என்ன தூக்குகிறார்கள் என்று ஒரு பையன் கேட்டான். ஒரு தமிழ்ப் பேராசிரியர், அது கட்டில், குடித்தனத்தையே இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்றார். எனக்கு அது பிடித்தது. ஒரு அம்மா, சவப்பெட்டி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு என்ன துக்கமோ. பெருந்தேவியின் அப்பா எழுந்து, "இது ஸ்ரீபாதந்தாங்கிகள் நடைன்னா? பெருமாளை ஏளப்பண்ணிண்டு வரச்சே தோள் ஆடும், பல்லக்கு ஆடப்படாது. அடியேன் பால்யத்துலேர்ந்து சேவிச்சிண்டிருக்கேன். இந்தப் பொண்ணு எங்கே கத்துண்டா?" என்று கேட்டார். கோவில் பல்லக்குத் தூக்குகிறவர்களின் அந்த நடையை நான் கவனித்துப் பார்த்ததே இல்லை என்று சொன்னால் நம்பவே மாட்டேன் என்கிறார். ஒருவருக்கு ஒருவர் சொல்வது ஒத்துப் போகவில்லை, ஆனால் எல்லோரும் அதில் ஏதோ பாரத்தைப் பார்த்திருக்கிறார்கள். வெறும் காற்றைத் தூக்கிக் காட்டியவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அத்தை விடுவார்களா? எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்கள். "நீங்கள்ளாம் படிச்சவங்க, சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா அது எங்க வீட்டு பீரோங்க. மேல இருக்கறது எம் மவன். கீழ தாங்குறது எம் மருமவ, இந்தா நிக்கிறாளே, இவதான். அன்னிக்கி நான் தெருவுலேருந்து மவனத்தான் பாத்தேன், அவன் விழுந்துருவானோன்னு. இவளப் பாக்கல. பாரம் பூரா இவ மேல இருந்துருக்கு" என்றார்கள். அந்தத் தமிழ்ப் பேராசிரியர்தான் முதலில் எழுந்து கை தட்டினார். நான் பெருந்தேவியின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், ஆண்டு விழாவுக்குப் பழைய கோலாட்டமெல்லாம் வேணாம், நீங்களே ஏதாவது புதுசாப் பண்ணுங்க" என்றார்கள். பேச வேண்டியதைப் பேசியாயிற்று!

பஸ்ஸில் வரும்போது அத்தை நேராக என்னிடமே கேட்டார்கள், "ஏன்டி, எம் மவன் பேரு அதுல இல்ல?" என்று. அவர் எழுதவில்லை அத்தை என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மேலப்புதூர் வந்து இறங்கும்போதுதான் சொன்னார்கள்: "கெடக்கட்டும் போ. உம் பேரு பெருசாத் தெரிஞ்சிச்சு."

இன்னும் ஒன்று. படம் பம்பாய்க் குறும்பட விழாவுக்குப் போகிறது. பெருந்தேவி அடுத்த படத்துக்கும் என்னையே ஆட்டம் அமைக்கச் சொல்லிவிட்டாள். திருவெறும்பூரில் தொழிற்சாலைக் குடியிருப்புப் பெண்களை வைத்து, டிசம்பர் லீவில் எடுக்கப் போகிறோம். உடனே சரி என்று சொல்லிவிட்டேன். டிசம்பரில் உங்களுக்கு லீவு கிடைக்கலாம் என்று முன்னே எழுதியிருந்தீர்கள். அது ஞாபகம் இருந்தும்தான் சரி என்றேன். நீங்கள் கோபித்துக்கொண்டாலும் இதில் மாற்றமில்லை.

ஆனால் அத்தான், அவ்வளவு கைதட்டலிலும் நான் தேடியது உங்களைத்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

உங்கள் ராணி

*

பஹ்ரைன்
7-10-1984

என் அன்பு ராணிக்கு,

உன் ஜூலைக் கடிதம் வந்த அன்றைக்கே டெக் வாங்கிப் போட்டேன். நீ சொன்ன இடத்தில் நிறுத்திக் குதிகாலைப் பார்த்தேன். நீ சொன்னது சரி. முழுப் பாரமும் உன் காலில்தான் இறங்குகிறது. அவன் உன்னைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறான். இத்தனை வருஷம் கிரேனுக்குக் கீழே நிற்கிற எனக்கு அது தெரியவில்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்குக் கால் எப்படித் தெரியும்? அப்புறம் அவன் உச்சுக் கொட்டுவதைப் பார்த்தேன். என்னை நானே எதிரில் பார்த்த மாதிரி தூக்கிவாரிப் போட்டது.

பதில் எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதினாலும் சப்பைக்கட்டு மாதிரி இருந்தது, கிழித்துப் போட்டேன். இப்படியே ஆகஸ்ட் போய்விட்டது. ரூமில் சொன்ன சொல்லை ரூமில் மாற்றாமல் உனக்கு எதை எழுதினாலும் வெறும் காகிதம்தான் என்று பட்டது. ஆனால் வாய் வரவில்லை ராணி. அற்புதசாமி முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். உன் செப்டம்பர்க் கடிதம் வந்தது. அம்மா அத்தனை பேருக்கு முன்னால் எழுந்து நின்றதைப் படித்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கண் ஆபரேஷன் ஆனவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே.

போன வெள்ளிக்கிழமை கேம்ப் மெஸ்ஸில் பெரிய டி.வி. வைக்கச் சொன்னேன். படம் போடுகிறான் தைரியராஜ் என்று கேள்விப்பட்டு எல்லா ரூம்காரர்களும் வந்துவிட்டார்கள். சண்டைப் படம் என்று நினைத்து வந்தவர்களும் உண்டு. நான் பெஞ்சு மேல் ஏறி நின்றேன். நான் பேசினதை அப்படியே எழுதுகிறேன்:

"இதுல ஆடுறது என் பொண்டாட்டி லூர்துராணி. இந்த ஆட்டத்தை அமைச்சதும் அவதான். அன்னிக்கி அற்புதசாமி கேட்டப்போ இல்லைன்னு பொய் சொன்னேன். கூட ஆடுறது பெரியண்ணன்னு ஒருத்தர். ஆனா அவர் ஆடுறது என்னைத்தான். ரெண்டு பேரும் தூக்குறது எங்க வீட்டு பீரோ. மேல நிக்கிறவனப் பாக்காதீங்க. கீழ நிக்கிறவ காலப் பாருங்க."

ஓடியது. முதல் பாதியில் சிரித்தார்கள், ஏனென்றால் எல்லோரும் வீட்டில் பீரோ தூக்கினவர்கள்தானே. பெரியண்ணன் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. நீ தனியாக ஏறுகிறாய், அந்தப் பக்கம் தாழவே இல்லை. இங்கே இருக்கிறவன் அத்தனை பேரும் ஒரு வீட்டில் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு வந்தவன். தமிழ் ஒரு வார்த்தை தெரியாத ஆந்திரா வெல்டர் ஒருவன் முதலில் அழுதான். அவனைப் பார்த்து மற்றவர்கள். அற்புதசாமி என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து, "இந்தப் புள்ளையவாடா சித்தப்பா மகன்னு சொன்ன?" என்று கேட்டு முதுகில் ஒன்று வைத்தான். வாங்கிக்கொண்டேன். திரும்பத் திரும்பப் போட்டார்கள், கீழ் ரூம் மலையாளி டெக் சூடாகிவிட்டது என்று கத்துகிற வரைக்கும். மறுநாள் காலையில் கேன்டீன் பக்கம் இருக்கிற தபால் பெட்டியில் கடிதம் போட இடம் இல்லை.

எனக்கு டிசம்பர் லீவு சாங்ஷன் ஆகிவிட்டது. படப்பிடிப்பை எனக்காகத் தள்ளிப் போட்டாய் என்றால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நீ திருவெறும்பூருக்குப் போ. ரோசரியையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நான் பின்னாலேயே வருகிறேன். பெரியண்ணன் வருவாரா? வந்தால் அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும், எந்தக் கையாக இருந்தாலும் சரி.

என் பெயர் அதில் இல்லாதது சரிதான். போட வேண்டிய நேரத்தில் வேண்டாம் என்றவன் நான். உன் பெயர் அப்படியே தனியாக நிற்கட்டும். நானும் நிறுத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும், பெயர் போட்ட புதுக் காசெட் ஒன்று அனுப்பு.

இங்கே எனக்குப் பெயரே மாறிவிட்டது. சைட்டில் ஃபோர்மேன் முதற்கொண்டு யாரும் தைரியராஜ் என்று கூப்பிடுவதில்லை. அவர்கள் கூப்பிடுகிறபடியே கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
லூர்துராணியின் புருஷன்